ஊதினால் பறக்கும் வீரன்: ஒரு பராமரிப்புக் கையேடு

போக்கிமான் போட்டி ஆட்டத்துக்குள் இறங்கிய எவருக்கும் கொஞ்ச நாளில் அந்த ஆசை வந்துவிடும். அசையாமல் நின்று அடி வாங்கும் ஆட்களை வைத்துக்கொண்டு, டர்ன் டர்னாக இழுத்தடித்து ஜெயிப்பதெல்லாம் ஒரு ஜெயிப்பா? வந்தான், அடித்தான், எதிராளி படுத்தான் என்று இருக்க வேண்டாமா? இந்த ஆசைக்கு மருந்து கிடையாது. ஆகவே அதை முறையாக அனுபவிக்கும் வழியையாவது சொல்லிவைப்போம்.

வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஆறு போக்கிமான். களத்தில் ஒரு நேரத்தில் பக்கத்துக்கு ஒன்று. இருவரும் ஒரே சமயத்தில், மற்றவருக்குத் தெரியாமல் கட்டளை கொடுக்க வேண்டும்: அடிப்பதா, ஆளை மாற்றுவதா. ஆள் மாற்றம் முதலில் நடக்கும். பிறகு ஸ்பீடு அதிகம் உள்ளவர் அடிப்பார். அடி வாங்கியவர் உயிரோடு மிச்சம் இருந்தால் திருப்பி அடிப்பார். அந்த ‘இருந்தால்’தான் நம் வீரனின் பிழைப்பு.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுப்போம். சந்தையில் வகை வகையாகக் கிடைக்கிறார்கள். உச்சத்தில் இருப்பது டியாக்ஸிஸின் அட்டாக் ஃபார்ம். அட்டாக் 180, ஸ்பெஷல் அட்டாக் 180, ஸ்பீடு 150. வாயைப் பிளக்கும் முன் அடுத்த வரியையும் படியுங்கள்: டிஃபென்ஸ் 20, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 20. 2016-இல் வந்த ஃபெரோமோஸா இன்னொரு ரகம். அட்டாக்குகள் இரண்டும் 137, ஸ்பீடு 151, டிஃபென்ஸுகள் இரண்டும் 37. கர்ட்டானா என்று ஒன்று. அட்டாக் 181, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 31. உடம்பு புல்லும் இரும்புமாக இருப்பதால் நெருப்பு பட்டால் நான்கு மடங்கு வலிக்கும். இவர்களோடு ஆட நினைப்பவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல்: டியாக்ஸிஸின் அந்த ஃபார்மையும் ஃபெரோமோஸாவையும், இணையத்தில் ஆடுபவர்கள் பின்பற்றும் ஸ்மோகன் விதிகளின்படி சாதாரண டீமில் சேர்க்க முடியாது. தடை. அடி விழுந்தால் போய்விடுகிறவர்கள்தானே, எதற்குத் தடை என்று கேட்கலாம். அந்த அடியைப் போடும் வரை எதிரே ஆள் இருந்தால்தானே.

எனவே ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக அலகஸாமை எடுத்துக்கொள்வோம். இரண்டு கையிலும் ஸ்பூன், தொங்கு மீசை. ஐக்யூ ஐயாயிரம் என்று போக்கிடெக்ஸில் எழுதியிருக்கிறது. ஸ்பெஷல் அட்டாக் 135, ஸ்பீடு 120, டிஃபென்ஸ் 45. ஐயாயிரம் ஐக்யூ உள்ளவருக்கு ஒரு நாளாவது உடற்பயிற்சி செய்யலாமே என்று தோன்றவில்லை பாருங்கள்.

இவருக்கும் ஒரு பொற்காலம் இருந்தது. 1996-இல் ஜப்பானில் வந்த முதல் விளையாட்டுகளில் ஸ்பெஷல் என்பது ஒரே எண். அடிக்கவும் அதுதான், தாங்கவும் அதுதான். அதாவது 135-ஐ வைத்தே ஸ்பெஷல் அடிகளைத் தாங்கிக்கொண்டார். போதாததற்கு அன்றைய கணக்கில் கிரிட்டிகல் ஹிட் ஸ்பீடைப் பொறுத்தது. 120 ஸ்பீடு என்றால் நூற்றுக்கு 23 அடி கிரிட்டிகல். 1999-இல் கோல்டு, சில்வர் வந்தபோது ஸ்பெஷலை இரண்டாகப் பிரித்தார்கள். தாங்கும் பங்காக இவருக்குக் கிடைத்தது 85. பாகப்பிரிவினையில் ஏமாந்த மூத்த அண்ணன் கணக்காக அன்றிலிருந்து இப்படித்தான் இருக்கிறார். 2013-இல் மனமிரங்கி அதை 95 ஆக்கினார்கள். டிஃபென்ஸ் 45-ஐ மட்டும் யாரும் தொடவில்லை.

ஆள் கிடைத்தாயிற்று. அடுத்து பயிற்சிப் புள்ளிகள். மொத்தம் 510, ஒரு குணத்துக்கு 252-க்கு மேல் போடக்கூடாது. இங்கேதான் நல்லெண்ணம் படைத்தவர்கள் கவிழ்வார்கள். பாவம், ஒல்லியாக இருக்கிறாரே என்று 252-ஐ உயிர்க்கணக்கான எச்.பி.யில் கொட்டுவார்கள். நூறாம் லெவலில் 251 எச்.பி. 314 ஆகும். அதற்கு விலையாக ஸ்பீடு 372-லிருந்து 303-க்கு இறங்கும். 303 என்பது என்ன? ஸ்பீடில் முழுப் புள்ளி போட்டு, ஏதாவது ஒரு குணத்தைக் கூட்டித் தரும் நேச்சரை அட்டாக்குக்குக் கொடுத்த கார்சாம்பின் ஸ்பீடு அச்சு அசலாக அதுதான். நேச்சரையும் ஸ்பீடுக்கே கொடுத்த கார்சாம்ப் 333-இல் வந்து உங்களை மிதித்துவிட்டுப் போகும். 63 எச்.பி. கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு சாவதில் ஒரு கௌரவம் இருக்கிறது என்று நினைப்பவர்கள் அப்படியே செய்யலாம். மற்றவர்கள் ஸ்பெஷல் அட்டாக்கில் 252, ஸ்பீடில் 252 போட்டுவிட்டு மிச்சச் சில்லறையை எங்கு வேண்டுமானாலும் வீசுங்கள்.

இனி முக்கியமான பாடம்: ஆளைக் களத்துக்குள் கொண்டுவருவது. இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. தப்பாகச் செய்தால் முழு வேலையும் முடிந்தது.

அலகஸாமை நீங்கள் டீமில் சேர்த்த ஒரு வீரன் என்று நினைக்காதீர்கள். தலை தீபாவளிக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை என்று நினையுங்கள். அவர் கால் தரையில் படக்கூடாது. வாசலில் கல் கிடக்கக்கூடாது. அவர் வரும் நேரத்தில் வீட்டில் சத்தம் போடக்கூடாது. மற்ற ஐந்து பேரும் மாமனார் வீட்டு மனிதர்கள். அடி, உதை, நெருப்பு, விஷம் எல்லாம் அவர்கள் கணக்கு. மாப்பிள்ளை வருவார், ஒரு வாய் சாப்பிடுவார், முகம் சுளிப்பார், எழுந்து போவார். மறுபடி கூப்பிட மறுபடி அத்தனை ஏற்பாடும் செய்ய வேண்டும்.

நேரடியாக ஆளை மாற்றினால் எதிராளி அந்த டர்னில் போடும் அடி மாப்பிள்ளை மேல்தான் விழும். ஆகவே மூன்று வழிகள்தான் மரியாதையானவை. முதல் வழி, உங்கள் ஆள் ஒருவர் சாவது. செத்தவருக்குப் பதிலாக வருபவர் மேல் அடி விழாது. கொஞ்சம் கொடூரம், ஆனால் நூறு சதவீதம் பத்திரம். இரண்டாவது, எதிராளி இந்த டர்னில் அடிக்க மாட்டார், ஆளை மாற்றுவார் அல்லது வைத்தியம் பார்த்துக்கொள்வார் என்று யூகித்து அந்த நேரத்தில் உள்ளே விடுவது. யூகம் தப்பினால் முதல் வழி தானாகவே நடந்துவிடும், ஆனால் செத்தவர் மாப்பிள்ளை. மூன்றாவது வழிதான் கலை. ஸ்லோப்ரோ போன்ற மந்தமான, தடித்த தோல் ஆளை நிறுத்தி டெலிபோர்ட் போடச் சொல்வது. முதல் விளையாட்டிலிருந்து, சண்டைக்குள் காட்டுப் போக்கிமானிடமிருந்து ஓடுவதற்கு மட்டுமே உதவிய இந்த டெலிபோர்ட்டை 2018-இல் ஆள் மாற்றும் மூவாக ஆக்கிவிட்டார்கள். எல்லோரும் அடித்து முடித்த பிறகே அது நடக்கும். எதிராளி வெளுத்து வாங்குவார்; ஸ்லோப்ரோ பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு வாங்கிக்கொள்ளும்; பிறகு சாவகாசமாக மறையும். அந்த இடத்தில் சட்டை கசங்காமல் அலகஸாம் வந்து நிற்பார். இந்த ஆட்டத்தில் ஸ்லோப்ரோவுக்கு யாராவது நன்றி சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை.

வாசலில் கல் என்று சொன்னது வெறும் உபசாரப் பேச்சில்லை. ஸ்டெல்த் ராக் போட்டுவிட்டால் உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் சாதாரணமாக எட்டில் ஒரு பங்கு எச்.பி. போகும். பறக்கும் நெருப்பான சாரிஸார்டுக்கு வாசலிலேயே பாதி உயிர் காலி. இதில் ஒரு வினோதம், 2006-இல் வந்த டைமண்ட், பெர்ல் விளையாட்டுகளில்தான் ஸ்டெல்த் ராக்கும் ஃபோகஸ் சாஷும் ஒன்றாக அறிமுகமாயின. சாஷ் என்பது முழு எச்.பி.யோடு நிற்பவரை ஒரே அடியில் சாகவிடாமல், ஒரு எச்.பி.யில் தொங்கவிடும் துணிப்பட்டை, ஒரு தடவைதான். வாசலிலேயே எட்டில் ஒன்று போனால் எச்.பி. எப்படி முழுதாக இருக்கும்? மருந்தையும் அதை முறிக்கும் சரக்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் விற்றார்கள்.

நம் அலகஸாமுக்கு மட்டும் இதில் ஒரு சலுகை. 2010-இல் தொடங்கிய தலைமுறையில் மேஜிக் கார்டு என்ற மறைவான திறன் அவருக்குக் கிடைத்தது. நேரடி அடி தவிர வேறு எதுவும் அவர் எச்.பி.யைக் குறைக்காது. கல் குத்தாது, மணல் அறுக்காது, விஷம் வலிக்காது. லைஃப் ஆர்ப் கட்டிக்கொண்டால் அடி 1.3 மடங்கு; மற்றவர்கள் அதற்கு ஒவ்வொரு அடிக்கும் பத்தில் ஒரு பங்கு எச்.பி. வட்டி கட்டுவார்கள், இவர் கட்ட மாட்டார். எனவே சாஷா ஆர்பா என்று ஒரு பட்டிமன்றம் எப்போதும் நடக்கிறது. என் தீர்ப்பு சாஷ். ஆர்ப் கேட்பவர்கள் எதிராளியைப் பார்த்து முடிவு செய்வதில்லை, கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

பாராலிசிஸை மேஜிக் கார்டு தடுக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தண்டர் வேவ் பட்ட அலகஸாம் ஸ்பூன் பிடித்த முதியவர், அவ்வளவுதான்.

இப்போது ஒரு டர்னைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 2010-களின் முதல் பாதி விதிகளில் ஆடுகிறீர்கள். பழைய தலைமுறை ஆட்டங்கள் ஷோடவுன் சிமுலேட்டரில் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சாஷ் ஏற்கெனவே பிய்ந்துவிட்டது. எதிரே டைரானிட்டார் வந்து நிற்கிறது. வந்த வேகத்தில் மணல் புயல் கிளம்பியாயிற்று. டார்க் வகை என்பதால் உங்கள் சைக்கிக் அதன் மேல் படவே படாது. படக்கூடியது ஃபோகஸ் பிளாஸ்ட். டார்க்கும் ராக்கும் கலந்த உடம்பு என்பதால் நான்கு மடங்கு. பட்டால் பெரும்பாலும் படுத்துவிடும். ஆனால் ஃபோகஸ் பிளாஸ்ட் நூற்றுக்கு எழுபது தடவைதான் படும். தப்பினால் கிரஞ்ச் என்று ஒரு கடி, முடிந்தது.

சரி, ஓடிவிடலாமா? அதற்கும் அங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறது. பர்சூட் என்று ஒரு மூவ். எதிரி ஆளை மாற்ற முயன்றால், மாறும் முன்பே பின்னாலிருந்து இரண்டு மடங்கு பலத்தோடு விழும். நின்றால் கடி, நகர்ந்தால் வெட்டு. இந்தக் கட்டத்தில் வழிகாட்டி நூல்கள் எல்லாம் எதிராளியின் மனநிலையைப் படியுங்கள் என்று சொல்லும். எதிராளி கணிப்பொறிக்கு அப்பால் எங்கோ ஒரு ஊரில் முறுக்கு தின்றுகொண்டிருப்பார், அவர் மனநிலையை எங்கே படிப்பது? நீங்கள் ஃபோகஸ் பிளாஸ்டை அமுக்குவீர்கள். எல்லோரும் அதைத்தான் அமுக்குகிறார்கள். பர்சூட்டை 2019-இல் வந்த ஸ்வோர்ட், ஷீல்ட் விளையாட்டுகளில் எடுத்துவிட்டார்கள். ஃபோகஸ் பிளாஸ்டின் எழுபதை மட்டும் ஏற்றவில்லை.

ஸ்பீடு 372 இருக்கிறது, எவனும் நம்மை முந்த முடியாது என்று நெஞ்சை நிமிர்த்துபவர்களுக்காக ப்ரயாரிட்டி மூவ்கள் செய்யப்பட்டிருக்கின்றன. ஸ்பீடு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இவை முதலில் விழும். சைசரின் புல்லட் பன்ச் அதில் தலைசிறந்தது. பலம் வெறும் 40. அதன் டெக்னீஷியன் திறன் அதை 60 ஆக்கும். முழுப் பயிற்சி பெற்ற சைசர் அடித்தால் 251 எச்.பி.யில் 202 முதல் 238 வரை போகும். அப்பாடா, 13 மிச்சம் என்று பெருமூச்சு விடும்போது அது அடியைக் கூட்டும் சாய்ஸ் பேண்ட் கட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். கட்டியிருந்தால் 303 முதல் 357. அந்தப் பெரிய வீரர் டியாக்ஸிஸுக்கோ பேண்டே தேவையில்லை. அவருக்கு இருப்பது 241, விழுவது குறைந்தது 334.

அடுத்து, யாரிடம் போய் வீரம் காட்டக்கூடாது. பிளிஸ்ஸி என்று ஒரு குண்டு ரோஜா நிற நர்ஸ். 714 எச்.பி. உங்கள் மாப்பிள்ளை முழுப் பலத்தோடு சைக்கிக் அடித்தால் அதிகபட்சம் 139 போகும். அது சாஃப்ட்பாயில்ட் போட்டு 357-ஐத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நீங்கள் மறுபடி அடிப்பீர்கள். அது மறுபடி முட்டை தின்னும். இடையில் சும்மா இருக்கும்போது சீஸ்மிக் டாஸ் என்று தூக்கிப் போடும்; நூறாம் லெவலில் சரியாக நூறு, யாராக இருந்தாலும் நூறு. மூன்று தூக்கலில் அலகஸாம் முடிந்தார். பிளிஸ்ஸியின் அட்டாக் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். 10. இப்படி ஒரு சாவு வந்தால் வெளியே சொல்லிக்கொள்ளவும் முடியாது.

பிளிஸ்ஸி உள்ளே வரும் என்று தெரிந்தே ஒரு வேலை செய்யலாம். அலகஸாமைக் கண்டதும் எதிராளி பயந்து பிளிஸ்ஸியைக் கூப்பிடுவார். அந்த டர்னில் நீங்கள் அடிக்காமல் நீங்களும் ஆளை மாற்றி, கைமுட்டியால் பேசும் ஒருவரை அழைத்து வாருங்கள். பிளிஸ்ஸியின் டிஃபென்ஸும் 10-தான். அலகஸாம் இந்த டர்னில் யாரையும் தொடவில்லை. ஒரு பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். இதுதான் இவரிடமிருந்து கிடைக்கும் உண்மையான வருமானம் என்று நான் நினைக்கிறேன். அவர் அடிக்கிற அடியைவிட, அடித்துவிடுவாரோ என்ற பயத்தில் எதிராளி போடும் தப்புக் கணக்குகளே அதிகம் சம்பாதித்துக் கொடுக்கின்றன. ஆனால் அடித்துப் பார்க்கத்தானே அவரை எடுத்தோம்? அதனால் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

இருவர் இருவராக மோதும் டபிள்ஸுக்கு வேறு புத்தகம் வேண்டும். அதிகாரபூர்வ உலகப் போட்டி அந்த முறையில்தான் நடக்கிறது. அங்கே இரண்டு பேர் ஒரே நேரத்தில் உங்கள் மெல்லிய ஆளைக் குறிவைப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் ஃபாலோ மீ போட்டு அடியையெல்லாம் தன் மேல் இழுத்துக்கொள்வதுதான் கைகண்ட வைத்தியம். 2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் பார்க் செ-ஜுன், பச்சிரிசு என்ற மின்சார அணிலை இந்த வேலைக்கு நிறுத்திச் சாம்பியன் ஆனார். அதுவரை அந்த அணிலை அழகுக்காக வைத்திருந்தவர்கள்தான் அதிகம். அதன் பிறகு கொஞ்ச நாள் எல்லோர் டீமிலும் அணில். ஜெயித்தது அணில் இல்லை, எந்த டர்னில் எந்த அடி வரும் என்று கணக்குப் போட்ட தலை என்பது புரிந்ததும் அணிலைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள்.

கடைசிக் கட்டத்துக்கு வருவோம். எதிராளியிடம் மூன்று பேர் மிச்சம், மூவரும் அரை உயிரில். பிளிஸ்ஸி போயாயிற்று, சைசர் போயாயிற்று. அலகஸாம் ஒரே ஒரு எச்.பி.யோடு பெட்டியில் இருக்கிறார். ஒரு எச்.பி. என்றால் எதற்கும் ஆகாது என்று அவரைப் பலி கொடுக்கக் கை பரபரக்கும். கொடுக்காதீர்கள். எச்.பி. குறைந்ததால் ஸ்பீடு குறையவில்லை, அடியும் குறையவில்லை. 251-இல் செய்யும் வேலையை ஒன்றிலும் செய்வார். ஸ்லோப்ரோவைச் சாகவிட்டு அவரை உள்ளே கொண்டு வாருங்கள். சைக்கிக், சைக்கிக், ஷேடோ பால். இதற்காகத்தான் இத்தனை நேரம் ஐந்து பேர் அடி வாங்கினார்கள்.

நடக்கவில்லையா? புலம்பலுக்கும் முறை உண்டு. எதிராளிக்குக் கிரிட்டிகல் விழுந்தால் புலம்பலாம். இப்போதைய கணக்கில் 24-க்கு ஒன்று, நியாயமான துக்கம். இரு அலகஸாம்கள் எதிரெதிரே நின்று, ஸ்பீடு சமமாகி, பூவா தலையாவில் தோற்றாலும் புலம்பலாம்; ஆனால் எதிராளியும் இதே கையேட்டைப் படித்திருக்கிறார் என்று ஒரு ஓரமாகச் சந்தோஷப்படுங்கள். ஃபோகஸ் பிளாஸ்ட் தப்பியதற்குப் புலம்ப அனுமதி இல்லை. எழுபது என்று மூவின் பக்கத்திலேயே போட்டிருக்கிறான், ஆட்டத்துக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். ஸ்டெல்த் ராக்கைத் திட்ட அலகஸாம்காரர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. மேஜிக் கார்டுக்குப் பதிலாக வேறு திறனோடு அவரை அனுப்பியிருந்தால் அதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.